டென்னிஸ் ஃபோர்ஹேண்ட்: பிடியிலிருந்து வீச்சு வரை, டெல்டா ஆட்டக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காவிரி டெல்டாவில் டென்னிஸ் ராக்கெட்டை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்களில் பலர் அதற்கு முன்பே வேறொரு மட்டையைப் பிடித்துப் பழகியவர்கள். பூப்பந்தாட்டம் தஞ்சாவூருக்குச் சொந்தமானது. 1856 வாக்கிலேயே தஞ்சை அரச குடும்பத்தார் அதை ஆடினார்கள் என்று சொல்லப்படுகிறது. பள்ளி மைதானத்தில் அந்த மஞ்சள் கம்பளிப் பந்தை அடித்தவர்களும், மாலையில் விளக்கு வெளிச்சத்தில் ஷட்டில் ஆடியவர்களும் டென்னிஸுக்கு வரும்போது கண்ணும் காலும் தயாராகவே இருக்கின்றன. கைதான் பழைய ஆட்டத்தை ஆடிக்கொண்டிருக்கிறது. அந்த இரண்டு ஆட்டங்களிலும் பந்து தரையைத் தொடுவதில்லை, மணிக்கட்டைச் சொடுக்கினாலே போய்விடும். ஷட்டில் சுமார் 5 கிராம், பூப்பந்து 27 முதல் 30 கிராம். டென்னிஸ் பந்தோ 56 முதல் 59.4 கிராம் வரை எடை கொண்டது. அதுவும் தரையில் பட்டுச் சுழன்று எழுந்து வருவது. அதை மணிக்கட்டால் மட்டும் அடிக்க முனைபவருக்கு ஒரு பந்து வலையில் விழும், மறு பந்து வேலியைத் தாண்டும், நாளடைவில் முழங்கையும் வலி சொல்லத் தொடங்கும்.

இந்தப் பழக்கத்தை மாற்றி ஃபோர்ஹேண்டை, அதாவது ராக்கெட் பிடித்த கையின் பக்கம் வரும் பந்தை உள்ளங்கை முன்னோக்க அடிக்கும் அடியை, கற்பதற்குப் பிடியிலிருந்துதான் தொடங்க வேண்டும். பந்தை எந்த உயரத்தில், உடம்புக்கு எவ்வளவு முன்னால் சந்தித்தால் ராக்கெட்டின் நரம்பு வலை, அதாவது பந்து படும் முகம், நேராக நிற்கும் என்பதைப் பிடியே முடிவு செய்துவிடுகிறது. வீச்சின் மற்ற எல்லாப் பகுதிகளும் அந்த முடிவுக்குக் கட்டுப்பட்டவை. ஆகவே தொலைக்காட்சியில் பார்த்த வீரர் எப்படிப் பிடிக்கிறார் என்பதை விட, நீங்கள் ஆடும் கோர்ட்டில் பந்து எவ்வளவு எழும்புகிறது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. கீழே வருபவை வலக்கை ஆட்டக்காரருக்காக எழுதப்பட்டவை. இடக்கைக்காரர்கள் இடம் வலத்தை மாற்றி வாசித்துக்கொள்ளலாம்.

எட்டுப் பட்டைகளும் நான்கு பிடிகளும்

ராக்கெட்டின் கைப்பிடி உருண்டையானதல்ல; நம்மூர்க் கோயில் மண்டபத் தூண்களைப் போல எட்டுப் பட்டை கொண்டது. ராக்கெட்டின் விளிம்பு தரையை நோக்கி நிற்கும்படி, நரம்பு வலை பக்கவாட்டைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, கைப்பிடியின் அடி முனையை உங்கள் பக்கம் திருப்புங்கள். உச்சியில் இருப்பது முதல் பட்டை. அங்கிருந்து கடிகார முள் சுற்றும் திசையில் எண்ணினால் வலப்பக்கச் சரிவு இரண்டாவது, வலப்பக்கச் செங்குத்துப் பட்டை மூன்றாவது, அதற்குக் கீழ்ச் சரிவு நான்காவது, அடியில் தரையைப் பார்ப்பது ஐந்தாவது. இடக்கைக்காரர்கள் எதிர்த் திசையில் எண்ண வேண்டும். உள்ளங்கையில் இரண்டு இடங்களை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: ஆட்காட்டி விரலின் அடி மூட்டு ஒன்று, சுண்டு விரலுக்குக் கீழே மணிக்கட்டை ஒட்டியிருக்கும் சதை மேடு மற்றொன்று. இந்த இரண்டும் எந்தப் பட்டையில் அமர்கின்றனவோ அதுதான் உங்கள் பிடி.

இரண்டும் இரண்டாவது பட்டையில் அமர்ந்தால் அது கான்டினென்டல். சுத்தியலைப் பிடிப்பது போன்ற இந்தப் பிடிதான் ஷட்டிலிலிருந்து வருபவர்களுக்கு இயல்பாக வருவது. சர்வீஸுக்கும், பந்து தரையில் படுமுன் அடிக்கும் வாலிக்கும், பந்தை வெட்டிப் பின்சுழற்சி கொடுக்கும் ஸ்லைஸுக்கும் இன்றும் இதற்கு மாற்று இல்லை. ஃபோர்ஹேண்டுக்கு இது பொருந்தாது. நரம்பு வலை சற்று மேல்நோக்கித் திறந்தே நிற்பதால், வேகமாக அடித்தால் பந்து நீண்டு கோர்ட்டுக்கு வெளியே போய்விடும், கட்டுப்படுத்த முயன்றால் மணிக்கட்டு திருகும்.

மூன்றாவது பட்டையில் அமர்வது ஈஸ்டர்ன். இடக்கையால் ராக்கெட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, வலது உள்ளங்கையை நரம்பின் மேல் தட்டையாக வைத்து, அப்படியே கைப்பிடி வரை இழுத்து வந்து மூடுங்கள், பிடி கிடைத்துவிடும். உள்ளங்கை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதே பக்கத்தை நரம்பு வலையும் பார்ப்பதால், ராக்கெட் கையின் நீட்சியாகவே உணரப்படும். இடுப்பு உயரப் பந்துக்கு இதைவிடச் சுலபமான பிடி கிடையாது. முழங்கால் உயரத்துக்கும் குனிந்து எடுத்துவிடலாம். தோள் உயரத்தில் வரும் பந்துதான் இதற்குச் சோதனை. பீட் சாம்ப்ராஸ் இந்தப் பிடியில்தான் அடித்தார்; ரோஜர் ஃபெடரரின் பிடியும் இதற்கு மிக நெருக்கமானது.

நான்காவது பட்டையில் அமர்வது செமி வெஸ்டர்ன். உள்ளங்கை கைப்பிடிக்குச் சற்றுக் கீழே போய்விடுவதால், ராக்கெட்டை முன்னால் கொண்டுவரும்போது நரம்பு வலை தானாகவே கொஞ்சம் கவிழும். பந்தைக் கீழிருந்து மேலாக உரசி டாப்ஸ்பின், அதாவது முன்சுழற்சி, கொடுப்பது இதில் எளிது. ஆனால் அதற்கு விலை உண்டு: ஈஸ்டர்னை விட ஒரு சாண் அளவாவது முன்னால் பந்தைச் சந்திக்க வேண்டும், அதற்குக் கால் முந்திக்கொள்ள வேண்டும். இடுப்புக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரம் இதற்கு உகந்தது. ரஃபேல் நடால் இந்தப் பக்கம்தான் இருந்தார்; இன்றைய ஆட்டக்காரர்களில் பெரும்பாலோரும் இந்தப் பக்கம்தான்.

ஐந்தாவது பட்டையில் அமர்வது வெஸ்டர்ன். ராக்கெட்டைத் தரையில் தட்டையாகக் கிடத்தி மேலிருந்து அள்ளி எடுத்தால் வருவது இதுதான். தோள் உயரப் பந்தைப் பிளந்துவிடலாம். தாழ்ந்து வரும் பந்தைத் தூக்குவதற்குள் மணிக்கட்டு படாத பாடு படும்.

எந்தக் கோர்ட்டுக்கு எந்தப் பிடி

பிடிகள் காலப்போக்கில் ஏன் கீழ்ப் பட்டைகளை நோக்கி நகர்ந்தன என்பதைப் பார்த்தால் தேர்வு தெளிவாகும். 1974 வரை கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய டென்னிஸ் போட்டிகளில் மூன்று புல்தரையில் நடந்தன. புல்லில் பந்து தாழ்ந்து வழுக்கி வரும். ராக்கெட்டும் மரத்தால் ஆனது, அதன் முகமும் சிறியது. ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனது அத்தகைய தரையில்தான். அங்கே வென்றது முரட்டு அடியை விட, பந்தை வைக்கும் நேர்த்தி. பிறகு கடினத் தரைகள் பெருகின, ராக்கெட்டின் முகம் அகன்றது, 1990களின் பிற்பகுதியில் பாலியஸ்டர் நரம்பு பரவியது, பந்து உயர எழும்பத் தொடங்கியது. உயர்ந்த பந்துக்கு ஏற்ப உள்ளங்கையும் கைப்பிடியின் கீழ்ப்புறம் சென்றது.

டெல்டாவின் கோர்ட்டுகளை இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். வயல்களின் வண்டல் மண் நனைந்தால் ஒட்டும், காய்ந்தால் வெடிக்கும். ஆடுகளத்துக்கு அது ஆகாது என்பதால், பழைய கிளப்புகளிலும் கல்லூரிகளிலும் மண் கோர்ட் போடும்போது செம்மண்ணையோ கிராவலையோ வெளியிலிருந்து கொண்டுவந்து பரப்பி, தண்ணீர் தெளித்து உருளையால் அழுத்துவார்கள். காலையில் தண்ணீர் தெளித்த கோர்ட்டில், அதுவும் மார்கழிப் பனி இறங்கிய நேரத்தில், பந்து ஈரத்தை வாங்கிக் கனத்து, முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவிலேயே நின்றுவிடும். ‘களிமண் கோர்ட் என்றால் நடால் பிடி’ என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். நடால் பெயர் பெற்ற, பிரெஞ்சு ஓப்பன் நடக்கும் ரோலண்ட் காரோவில் சுண்ணாம்புக்கல் அடித்தளத்தின் மேல் செங்கல் தூளை மெல்லிய படலமாகப் பரப்பியிருக்கிறார்கள். அங்கே டாப்ஸ்பின் பந்து மெதுவாகி உயரமாக எழும். நனைந்த செம்மண் தரையின் குணம் வேறு. ஆனால் இதே ஊர்களில் புதிதாகப் போடப்பட்ட சிமென்ட் அல்லது செயற்கைப் பூச்சுத் தரையில், சித்திரை வெயிலில், ஒரு புதிய பந்து சாதாரணமாக மார்பு உயரத்துக்கு வந்துவிடும்.

என் கருத்து இதுதான்: மண் கோர்ட்டில் மட்டும் ஆடுபவரும், நாற்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குபவரும் ஈஸ்டர்னில் தொடங்கி அதிலேயே இருக்கலாம். இரண்டு வகைத் தரையிலும் ஆடுபவர்கள், குறிப்பாகப் போட்டிகளுக்குப் போகும் மாணவர்கள், ஈஸ்டர்னில் வீச்சைக் கற்றுக்கொண்டு பிறகு நான்காவது பட்டைக்கு நகர வேண்டும். வெஸ்டர்னை யாருக்கும் நான் முதல் பிடியாகச் சொல்லமாட்டேன். சிறுவர்கள் அந்தப் பிடிக்குத் தாமாகப் போவதற்கு ஒரு காரணம் உண்டு: முழு அழுத்தமுள்ள மஞ்சள் பந்து அவர்கள் தோளுக்கு மேல் எழும்புகிறது. பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை நிற அடையாளமுள்ள மென்பந்துகளைக் கொடுத்தால் அந்தச் சிக்கல் எழாது. 2012 முதல் அந்த வயதுப் போட்டிகளுக்குச் சர்வதேச விதியே அப்படித்தான் இருக்கிறது.

கைப்பிடியின் அளவும் பொருந்த வேண்டும். ஈஸ்டர்னில் பிடித்துக்கொண்டு, மோதிர விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் இடையில் மற்றொரு கையின் ஆட்காட்டி விரலை நுழைத்துப் பாருங்கள். விரல் சரியாக அடங்கினால் அளவு சரி; நுழையவில்லை என்றால் கைப்பிடி சிறிது; தாராளமாக இடம் இருந்தால் பெரிது. சந்தேகமானால் சிறியதை வாங்கி மேலே ஓவர்கிரிப் என்னும் மெல்லிய நாடாவைச் சுற்றிக்கொள்வது நல்லது. பெரியதைச் சிறிதாக்குவது கடினம். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரப் புழுக்கத்தில் வியர்வையால் கைப்பிடி உள்ளங்கைக்குள் நழுவும்; நழுவினால் மூன்றாவது பட்டையில் தொடங்கிய கை இரண்டாவதில் போய் நிற்கும், ஆட்டக்காரர் வீச்சைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். ஓவர்கிரிப் வழவழப்பானதும் மாற்றிவிட வேண்டும். இடுப்பில் ஒரு துண்டு இருப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

வீச்சு, படிப்படியாக

தயார் நிலையில் ராக்கெட்டின் கனத்தை இடக்கை தாங்க வேண்டும். அது ராக்கெட்டின் கழுத்தில் இருக்கட்டும். வலக்கை தளர்வாக இருக்கட்டும். அழுத்தத்தைப் பத்துக்கு அளந்தால் மூன்று அல்லது நான்கு போதும். ஆட்காட்டி விரல் மற்ற விரல்களிலிருந்து சற்று விலகி மேலே நிற்க வேண்டும். நான்கு விரல்களும் ஒட்டி முட்டியாக மூடினால் மணிக்கட்டு இறுகிவிடும். எதிராளி பந்தை அடிக்கப் போகும் கணத்தில் இரண்டு கால்களாலும் சிறிதாக ஒரு துள்ளல் துள்ளி, அவர் அடித்ததும் தரையில் இறங்குங்கள். இதைத்தான் ஸ்ப்ளிட் ஸ்டெப் என்கிறார்கள். எந்தப் பக்கம் ஓட வேண்டுமோ அந்தப் பக்கம் உடம்பு பாய்வதற்கு இது வில்லை வளைப்பதற்குச் சமம்.

பந்து ஃபோர்ஹேண்ட் பக்கம் வருகிறது என்று தெரிந்தவுடன் பலர் கையை மட்டும் பின்னால் இழுக்கிறார்கள். அப்படிச் செய்யக்கூடாது. இரண்டு கைகளும் ராக்கெட்டிலேயே இருக்க, இடது தோள் வலையை நோக்கி வரும் வரை தோள்களைத் திருப்புங்கள். வலது பாதமும் கூடவே பக்கவாட்டில் திரும்பட்டும். ராக்கெட் இந்தத் திருப்பத்திலேயே பாதி தூரம் பின்னால் போய்விடும். அதற்கு மேல்தான் இடக்கை ராக்கெட்டை விட வேண்டும். விட்ட கை தொங்காமல், பேஸ்லைனுக்கு (கோர்ட்டின் பின்கோட்டுக்கு) இணையாக உடம்புக்குக் குறுக்கே நீண்டிருக்க வேண்டும். இந்த இடக்கை இரண்டு வேலைகளைச் செய்கிறது: தோள் முன்கூட்டியே திறந்துவிடாமல் தடுக்கிறது, பந்துக்கும் உடம்புக்கும் உள்ள இடைவெளியை அளக்கிறது. திருப்பம் முடிவதற்கும் பந்து உங்கள் பக்கத் தரையில் விழுவதற்கும் நேரம் ஒத்துப்போனால் நீங்கள் தாமதமாகவில்லை என்று பொருள்.

இங்கிருந்து ராக்கெட் தோள் உயரத்திலிருந்து ஒரு வளைவாகக் கீழே இறங்குகிறது. அதை அழுத்தி இறக்க வேண்டாம். கை தளர்வாக இருந்தால் அதன் எடையே இறக்கிவிடும். ராக்கெட்டின் தலை, பந்தைச் சந்திக்கப் போகும் உயரத்துக்கு ஏறத்தாழ ஓர் அடி கீழே வர வேண்டும். இறங்கிக்கொண்டிருக்கும்போதே வலது காலால் தரையை உந்துங்கள். உந்துதல் காலிலிருந்து இடுப்புக்கும், இடுப்பிலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து கைக்கும் வரிசையாக ஏறுகிறது. இடுப்பு முன்னால் திரும்பத் தொடங்கிய பிறகுதான் கை புறப்பட வேண்டும். அந்த இடைவெளியில் மணிக்கட்டு தானாகப் பின்பக்கம் வளைந்து, கைப்பிடியின் அடி முனை வரும் பந்தைப் பார்க்கும். நல்ல ஃபோர்ஹேண்ட் எல்லாவற்றிலும் இந்த நிலை இருக்கும். யாராவது உங்களைக் கைபேசியில் மெதுவேகத்தில் படம் எடுத்தால் முதலில் பார்க்க வேண்டியது இதையே.

நரம்பில் பந்து தங்கும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் நான்கு அல்லது ஐந்து பங்கு. அந்த நேரத்துக்குள் மணிக்கட்டைத் திருப்பிப் பந்தைத் திசைமாற்ற எந்த மனிதராலும் முடியாது. ராக்கெட் வந்த பாதையும் அதன் முகத்தின் கோணமும்தான் அடியைத் தீர்மானிக்கின்றன. ஆகவே சந்திக்கும் கணத்தில் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. அதற்கு முன்பே எல்லாம் நடந்திருக்க வேண்டும். ஈஸ்டர்ன் பிடியில் பந்தை இடது பாதத்துக்கு நேராகவோ சற்று முன்னாலோ சந்தியுங்கள். செமி வெஸ்டர்னில் இன்னும் முன்னால். மணிக்கட்டு பின் வளைந்தபடியே இருக்கட்டும், ராக்கெட்டின் முகம் தரைக்குக் கிட்டத்தட்டச் செங்குத்தாக இருக்கட்டும். பந்து போன பிறகும் ஒரு கணம் கண் சந்தித்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

அடித்த பிறகு ராக்கெட்டை அடித்த திசையில் ஓர் அடி தூரமாவது செல்ல விடுங்கள். பிறகுதான் அது உடம்பைச் சுற்றி வர வேண்டும். ஈஸ்டர்னில் வீச்சு இடது தோளுக்கு மேல் முடிவது இயல்பு. செமி வெஸ்டர்னில் முன்கை கார்க் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் போலத் திரும்பி, இடது தோளுக்கோ இடுப்புக்கோ அருகில் முடியும். புதியவர்கள் இடது தோளுக்கு மேல் ராக்கெட்டின் கழுத்தை இடக்கையால் பிடித்து நிறுத்தப் பழகினால், வீச்சு பாதியில் நிற்கும் பழக்கம் தானாக விலகும்.

கால் வைப்பைப் பற்றி இரண்டு வரி போதும். நேரம் இருந்தால் இடது காலை முன்வைத்து அடியுங்கள். நேரம் இல்லாதபோதும் பந்து உயரமாக வரும்போதும் வலது காலை ஊன்றி நெஞ்சு பாதி வலையைப் பார்க்க அடியுங்கள். தாழ்ந்த மண் கோர்ட் பந்துக்கு முழங்கால் மடிய வேண்டும். முதுகை மட்டும் வளைத்தால் ராக்கெட்டின் முகம் மேல்நோக்கித் திறந்துவிடும்.

பழகும் முறை

முதலில் பந்தில்லாமல் வீசிப் பழகுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கோர்ட்டை மூடிவிடும் நாட்களுக்கு இது பொருத்தமான வேலை. வராந்தாவில் கண்ணாடி முன் நின்று, தோள் திருப்பத்தையும் இடக்கையையும் மட்டும் கவனித்தால் போதும். அடுத்து, சர்வீஸ் கோட்டருகில் நின்று, பந்தை உங்கள் கையாலேயே முன்னால் போட்டு, அது ஒரு முறை எழும்பியதும் மெதுவாக வலைக்கு மேல் அனுப்புங்கள். வலையிலிருந்து சர்வீஸ் கோடு 21 அடி. இந்தத் தூரத்தில் பலம் உதவாது, சரியான பிடியும் முகமும்தான் உதவும். பத்துப் பந்தில் எட்டு எதிர்ச் சர்வீஸ் கட்டத்துக்குள் விழும் வரை பின்னால் போக வேண்டாம்.

பிறகு பேஸ்லைனிலிருந்து மூலைவிட்டமாக அடியுங்கள். நேர்க்கோட்டில் கோர்ட்டின் நீளம் 78 அடி; ஒற்றையர் மூலைவிட்டத்தில் ஏறத்தாழ 82 அடிக்கு மேல் கிடைக்கிறது. வலையும் ஓரத்தில் மூன்றரை அடி, நடுவில் மூன்று அடிதான். இடம் கூடுதல், தடை குறைவு. வலைக்கு மேல் மூன்று நான்கு அடி உயரத்தில் பந்து கடக்கட்டும். டாப்ஸ்பின் அதைக் கோட்டுக்குள் இறக்கிவிடும். சுவரில் அடித்துப் பழகுவதில் ஓர் ஆபத்து உண்டு: பந்து திரும்பும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திருப்பமே இல்லாத அரை வீச்சு கைக்குப் பழகிவிடும். சுவரிலிருந்து தள்ளி நின்று, பந்தை இரண்டு முறை எழும்ப விட்டு அடித்தால் அது நேராது.

பந்து தொடர்ந்து நீண்டு போனால் முதலில் பிடியைப் பாருங்கள். பெரும்பாலும் கை இரண்டாவது பட்டைக்கு நழுவியிருக்கும். தொடர்ந்து வலப்பக்கம் விலகினால் பந்தைத் தாமதமாகச் சந்திக்கிறீர்கள். சுழற்சி நன்றாக இருந்தும் பந்து சர்வீஸ் கோட்டைத் தாண்டவில்லை என்றால் வெறுமனே மேலே உரசுகிறீர்கள், முன்னால் தள்ளவில்லை. பிடியை மாற்றிய புதிதில் ஆட்காட்டி விரலடியில் கொப்புளம் வருவது இயல்பு. முழங்கையின் வெளிப்புறம் வலிப்பது இயல்பல்ல: பிடி இறுக்கம், தாமதம், மிகச் சிறிய கைப்பிடி, விறைப்பான நரம்பு ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். வலியோடு ஆடாமல் நிறுத்தி, மருத்துவரைப் பார்த்துவிட்டு இவற்றைச் சரிசெய்ய வேண்டும்.

கடைசியாக ஆடிக் காற்று. வெயில் கண்ணில் படாமல் இருக்கக் கோர்ட்டுகளை வடக்கு தெற்காகப் போடுவது வழக்கம். ஆனி, ஆடியில் திருச்சி, தஞ்சைப் பக்கம் காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. எனவே அது எப்போதும் குறுக்குக் காற்றுதான். தெற்கு முனையில் நிற்கும் வலக்கைக்காரரின் ஃபோர்ஹேண்ட் பந்து உடம்பை விட்டு விலகிப் போகும். கையை நீட்டாமல் இன்னும் ஓரிரு சிற்றடி வைத்துப் போய்ச் சேர வேண்டும். வடக்கு முனையில் அதே பந்து உடம்பின் மேல் வந்து விழும். அங்கே முன்கூட்டியே இடப்பக்கம் விலகி நின்று இடம் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு முனையிலும் ஓரக் கோட்டைக் குறி வைக்காமல் ஒரு கஜம் உள்ளே அடியுங்கள், முனை மாறும் ஒவ்வொரு முறையும் வேலியோரத் தென்னை மட்டை எந்தப் பக்கம் சாய்கிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டுப் பந்தைக் கேளுங்கள்.